லயமும் கடைவீடும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் குடும்பத்தோடு மலேசியா வந்திருந்தோம். பத்துமலை, கெந்திங், பினாங்கு என்று ஆறு நாள் பயணம். எங்களுக்கு வேன் ஓட்டியவர் தமிழர், அங்கேயே பிறந்த மூன்றாம் தலைமுறை. கோலாலம்பூரில் பெரிய கட்டடங்களைக் காட்டி, "இதெல்லாம் சீனனோடது சார். நாமளும் அவனும் ஒரே காலத்துலதான் கப்பல்ல வந்தோம். அவன் உழைச்சுச் சேர்த்தான், நம்ம ஆளு குடிச்சு அழிச்சான்" என்றார். என் மகன் கல்லூரியில் பொருளியல் படிக்கிறான். "அப்ப இது பண்பாட்டு வித்தியாசம்தானேப்பா?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. நீங்கள் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் என்று படித்திருக்கிறேன். ஓட்டுநர் சொன்னது உண்மையா?

கண்ணன், திண்டுக்கல்

அன்புள்ள கண்ணன்,

இதே வார்த்தைகளை என் அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். தோட்டத்துப் பிள்ளைகள் எல்லோரும் கேட்டு வளர்ந்ததுதான். அதனால் அந்த ஓட்டுநர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் பொருளியல் படிக்கும் ஒரு பையனிடம் அது ஒரு விளக்கமாகப் போய்ச் சேர்ந்துவிட்டதே என்றுதான் உடனே எழுத உட்கார்ந்தேன்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 1970-ல் தீபகற்ப மலேசியாவில் சீனக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 394 வெள்ளி. ரிங்கிட்டை நாங்கள் வெள்ளி என்றுதான் சொல்வோம். இந்தியக் குடும்பத்துக்கு 304, மலாய்க் குடும்பத்துக்கு 172. 2019-ல் அரசாங்கம் எடுத்த கணக்கில் சீனருக்கு 9,895, இந்தியருக்கு 8,216. சீனர் நூறு வெள்ளி சம்பாதித்தபோது நாம் 1970-ல் 77 சம்பாதித்தோம், 2019-ல் 83. குறைவுதான். ஆனால் குடித்து அழிந்துபோன கூட்டத்தின் கணக்கு இப்படியா இருக்கும்?

இப்போது இன்னொரு கணக்கு. நாட்டிலுள்ள நிறுவனங்களின் பங்குமுதலில் 1970-ல் சீனர் கையில் இருந்தது 27.2 விழுக்காடு. இந்தியர் கையில் 1.1. இருபது ஆண்டு கழித்து, 1990-ல், சீனர் 45.5, இந்தியர் 1.0. அன்றைக்குச் சீனர்களின் எண்ணிக்கை நம்மைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. பங்கோ 1970-ல் 25 மடங்கு, 1990-ல் 45 மடங்கு.

உங்கள் மகனை இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சம்பளத்தில் இடைவெளி கொஞ்சம்தான், சொத்தில்தான் மலையளவு. உழைக்காதவனுக்குச் சம்பளமே குறைந்திருக்க வேண்டும். ஆகவே கேள்வியே வேறு: மூன்று நான்கு தலைமுறை உழைத்த கூலி ஏன் சொத்தாக மாறவில்லை?

அதற்கு இரண்டு பேரும் எங்கே இறக்கிவிடப்பட்டார்கள் என்று பார்க்க வேண்டும்.

தென்சீனாவிலிருந்து வந்தவரைச் 'சின்கே' என்பார்கள், புது விருந்தாளி என்று பொருள். பேர்தான் விருந்தாளி. கப்பல் கூலி கடனாகத் தலையில் ஏறியிருக்கும், அது அடையும்வரை பேராக் மாநிலத்தின் லாருட்டிலோ கிந்தா பள்ளத்தாக்கிலோ ஈயச் சுரங்கத்தில் கிடக்க வேண்டும். காய்ச்சலில் செத்தவர்களுக்குக் கணக்கே கிடையாது. ஆனால் கடன் அடைந்தால் அவர் வெளியே போகலாம். சில சுரங்கங்களில் லாபத்தில் பங்கும் உண்டு. சுரங்கத்தைச் சுற்றி ஊர் வளர்ந்தது, அங்கே பன்றி வளர்க்கலாம், காய்கறி போடலாம், தள்ளுவண்டியில் மீ என்கிற நூடுல்ஸ் விற்கலாம். முதலாளியும் சீனர், அதே வட்டார மொழி பேசுகிறவர். 1854-ல் மலாக்காவுக்கு வந்து இறங்கி, கூலி வேலை, சில்லறை வியாபாரம் என்று அலைந்த யாப் ஆ லோய்தான் பின்னாளில் கோலாலம்பூரின் சீனக் கப்பித்தான், அதாவது சீனர்களின் தலைவர் ஆனார். எல்லோரும் அவர் ஆகவில்லை, கோடியில் ஒருவர்தான். ஆனாலும் அந்த ஏணியில் முதல் படி இருந்தது.

நம் ஆள் ரப்பர் தோட்டத்துக்கு வந்தார். முதலில் ஒப்பந்தக் கூலி, அது 1910-ல் ஒழிந்தபிறகு கங்காணி. திருச்சி, தஞ்சாவூர், சேலம், வட ஆற்காடு பக்கம் கங்காணி ஊருக்கு வந்து, சொந்தபந்தமாகத் திரட்டி, நாகப்பட்டினத்தில் கப்பலேற்றுவார். இறங்கினால் நேரே தோட்டம். லயம் என்று சொல்லும் வரிசை வீடு தோட்டத்துடையது. கடை, மருத்துவமனை, பள்ளிக்கூடம், கோவில் இருக்கும் நிலம் எல்லாம் தோட்டத்துடையது. கள்ளுக்கடைகூடத் தோட்டத்துடையதுதான். நாம் பேசும் மொழி தெரிந்தவர் கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர், அவருக்கு மேலே வெள்ளைக்காரத் துரை. வேலையை விட்டால் அன்றைக்கே லயத்தையும் விட வேண்டும். நூறு மைல் தூரத்துக்குச் சொந்தமென்று ஒரு முழம் நிலம் கிடையாது. இங்கே ஏணி வைக்கவே இடமில்லை.

கூலியிலும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரே தோட்டத்தில் ரப்பர் மரம் சீவிப் பால் எடுத்த சீனருக்குத் தமிழரைவிட அதிகக் கூலி. ஏனென்றால் அவர் குத்தகைக்கு வந்தவர், பிடிக்காவிட்டால் போய்விடுவார். 1941-ல் கிள்ளான் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் முன்னின்ற வேலைநிறுத்தத்தில் கேட்டவற்றில் சீனருக்குச் சமமான கூலியும் ஒன்று. கள்ளுக்கடையை மூட வேண்டும் என்பது இன்னொன்று. நம் ஆட்களேதான் கேட்டார்கள், கண்ணன். துரை எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டியதில்லை என்பதும் ஒரு கோரிக்கை. பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள், நாதனை நாடு கடத்தினார்கள். குடிகாரர்கள் என்று பேர் வாங்கியவர்கள், கள்ளுக்கடையை மூடச் சொல்லிக் குண்டடி பட்டவர்கள்.

குடியைப் பற்றிப் பேசுவதானால் அபினையும் பேச வேண்டும். சுரங்கக் கூலியின் சம்பளம் அபினுக்கும் சூதுக்கும் போனது, அந்த அபின் வரி பல காலம் பிரிட்டிஷ் அரசின் கஜானாவை நிரப்பியது. அவர்களும் அழிந்தார்கள், ஆயிரக்கணக்கில். ஆனால் இன்று யாரும் அபினை வைத்துச் சீனரை விளக்குவதில்லை.

எங்கள் தோட்டம் பேராக்கில் இருந்தது. அம்மா விடியுமுன்னே பெரட்டுக்குப் போவார். பேர் கூப்பிட்டு முடிந்ததும் நிரைக்குப் போய், மரம் மரமாகச் சீவி, பால் வடியும் கோப்பையை, மங்கு என்போம், கவிழ்த்து வைத்ததை நிமிர்த்திவிட்டு வருவார். பத்து மணிக்குமேல் பால் எடுத்து, இரண்டு வாளியைக் காண்டா என்கிற தோள்கம்பில் தூக்கி ஸ்டோருக்குக் கொண்டுபோய் நிறுக்க வேண்டும். மழை பெய்தால் அன்று கூலி இல்லை. மாதக் கடைசியில் டவுனில் சீனர் கடைக்கு என்னை அழைத்துப் போவார். கடைக்காரர் 555 என்று அட்டையில் போட்ட குட்டி நோட்டை எடுத்துக் கடன் கணக்கைப் பார்ப்பார். அரிசி, மண்ணெண்ணெய், நெத்திலி. நல்ல மனிதர், எங்களை எப்போதும் ஏமாற்றியதில்லை. அவருடைய மகன் என் வயது. கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பான். கீழே கடை, மேலே வீடு. அவன் அப்பா தூங்கும்போதும் அந்தக் கட்டடம் விலை ஏறிக்கொண்டிருந்தது. என் அம்மா முப்பது வருஷம் சீவிய மரங்களில் ஒன்றுகூட அம்மாவுடையது இல்லை.

அந்தக் கடைக்காரர் குடும்பம் டவுனுக்கு வந்த கதை சோகமானது. 1950-லிருந்து, காட்டுக்குள் இருந்து போராடிய கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போகாமல் தடுக்க, காட்டோரம் இருந்த சுமார் ஐந்து லட்சம் பேரை, பெரும்பாலும் சீனரை, பிரிட்டிஷார் வேரோடு பெயர்த்து முள்வேலி போட்ட புதுக்கிராமங்களில் அடைத்தார்கள். கொடுமைதான். ஆனால் பிற்பாடு வேலி போனது, சாலை, பள்ளி, மின்சாரம், சந்தை பக்கத்தில் நின்றது. நாங்கள் தோட்டத்திலேயே இருந்தோம். தோட்டம் தனியார் நிலம் என்பதால் அரசாங்கத்தின் கிராம வளர்ச்சித் திட்டங்கள் எதுவும் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

சுதந்திரம் வந்த காலத்தில் துரைமார் பயந்துகொண்டு தோட்டங்களைக் கூறுபோட்டு விற்றார்கள். துண்டாடல் என்று எங்கள் பக்கம் சொல்வோம். அப்போதுதான் மலேசிய இந்தியக் காங்கிரஸ் தலைவர் துன் வீ.தி. சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டித் தோட்டத்தை வாங்குவது. கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. எங்கள் அம்மா அந்தச் சங்கத்தின் பாஸ் புத்தகத்தைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். வாய்ப்புக் கிடைத்தபோது நம் ஆட்கள் சேர்த்தார்கள் என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

பண்பாடு என்கிறான் உங்கள் மகன். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களும் தமிழர்கள், அதே முருகன், அதே திருக்குறள். அங்கே மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் படித்துவிட்டு வந்ததால் ரயில்வேயிலும் அலுவலகங்களிலும் எழுத்தர்களாக, ஸ்டேஷன் மாஸ்டர்களாக இறங்கினார்கள். அவர்கள் பிள்ளைகள் டாக்டர், வக்கீல். பினாங்கில் நாசி கண்டார் என்கிற சோற்றுக் கடை போட்ட தமிழ் முஸ்லிம்கள் வியாபாரிகளாகவே நின்றார்கள். தமிழர் என்ற ஒரே சொல்லுக்குள் இத்தனை விதமான முடிவுகள் இருக்கும்போது, பண்பாடு எதை விளக்குகிறது? மேலே சொன்ன 8,216 என்ற சராசரியும் இப்படித்தான் கோலாலம்பூரின் வசதியான பங்சாரில் இருக்கும் வக்கீலையும் அடுக்குமாடியில் இருக்கும் பாதுகாவலரையும் ஒன்றாகக் கூட்டி வகுத்தது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு நம் பக்கத் தவறைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. நம்மிடமும் பணம் இருந்தது. நகரத்தார் மலாயாவில் சீனச் சுரங்க முதலாளிக்கும் கடன் கொடுத்தவர்கள். மூன்றாண்டுக்கு ஒருமுறை ஆள் மாறிப் போனார்கள், லாபம் செட்டிநாட்டு வீடுகளாக எழுந்தது. அந்தப் பணத்துக்கும் தோட்டத்து லயத்துக்கும் பாலமே இல்லை. சீனருக்குள் ஒரே ஊர், ஒரே குலம் என்று சங்கங்கள் இருந்தன, புதிதாக வந்தவருக்குப் படுக்க இடமும் கைமாற்றும் கிடைத்தன. நம்மிடம் லயத்துக்குள்ளேயே சாதி பார்த்துத் தனி வரிசை. படித்த தமிழன் தோட்டத் தமிழனோடு சேர்த்துத் தன்னை எண்ணிவிடுவார்களோ என்று கூசினான். பிற்பாடு, 1982-ல், சமூகத்துக்காக என்று மைக்கா ஹோல்டிங்ஸ் என்ற முதலீட்டு நிறுவனத்தைத் தொடங்கியபோது பத்தாயிரக்கணக்கான ஏழைகள் நகையை அடகு வைத்துக்கூடப் பங்கு வாங்கினார்கள். சொன்ன வளர்ச்சி வரவில்லை. அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தக் கடிதம் முடியாது.

பள்ளிக்கூடத்திலும் பாருங்கள். 1950களில் சிங்கப்பூரில் நன்யாங் பல்கலைக்கழகம் கட்ட, சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டிகள் ஒரு நாள் வருமானத்தைக் கொடுத்தார்கள். மலேசியாவில் அரசு உதவியில்லாமல் சமூகமே நடத்தும் சீன இடைநிலைப் பள்ளிகள் இன்றும் சுமார் 60 இருக்கின்றன. தமிழில் ஆறாம் வகுப்போடு சரி, அதற்குமேல் ஒரு பள்ளிகூட இல்லை. 1957-ல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன, இப்போது சுமார் 530. சில ஒன்றாகச் சேர்ந்தன. பல, தோட்டம் போனபோது கூடவே போயின.

தோட்டம் போனதுதான் கடைசி அடி. 1971-ல் மலாய்க்காரருக்கு முன்னுரிமை தரும் புதிய பொருளாதாரக் கொள்கை வந்து அரசு வேலைகளின் கதவு குறுகியது. அது சீனரையும் தாக்கியது, ஆனால் அவருக்குக் கடை இருந்தது, சொந்த முதல் இருந்தது. ரயில்வேயையும் பொதுப்பணியையும் நம்பியிருந்தவர்கள் நாம். அப்புறம் 80களிலும் 90களிலும் ரப்பர் செம்பனையாக, அதாவது எண்ணெய்ப் பனையாக, வீட்டுமனையாக, கோல்ஃப் மைதானமாக மாறியது. எங்கள் தோட்டம் விற்கப்பட்டபோது அப்பாவுக்குச் சில ஆயிரம் வெள்ளி கொடுத்து, மூன்று மாதத்தில் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். பிறந்த வீடு அது. ஆடுமாடு, முருங்கை மரம், கறிவேப்பிலைச் செடி எதற்கும் கணக்கு இல்லை. தைப்பிங் பக்கம் புறம்போக்கில் பலகை வீடு போட்டோம். தம்பிக்கு அப்போது பதினாலு வயது, படிப்பு அங்கே நின்றது. அந்த ஓட்டுநரின் அப்பாவும் இப்படி ஒரு லாரியில் சாமான் ஏற்றியவராக இருக்கலாம், கேட்டுப் பார்த்திருந்தால் சொல்லியிருப்பார்.

அடுத்த முறை வந்தால் முன்கூட்டியே எழுதுங்கள். ஈப்போ நெடுஞ்சாலையை விட்டு உள்ளே இறங்கி உங்களையும் மகனையும் எங்கள் தோட்டத்துக்கு அழைத்துப் போகிறேன். பார்க்க ஒன்றுமில்லை, எல்லாம் செம்பனை. நடுவில் மாரியம்மன் கோவில் மட்டும் நிற்கிறது. எதிரே ஒரு குழாயடி இருக்கும். அதற்கு வலப்பக்கம் நாலாவது வாசல் எங்களுடையது.

அன்புடன்.