எஸ்.ஜி.பி.டி. 68: கல்லீரல் கெட்டுவிட்டதா?

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு வயது 42. உயரம் 168 செ.மீ., எடை 82 கிலோ. வருடாந்திர ரத்தப் பரிசோதனையில் எஸ்.ஜி.பி.டி. 68, எஸ்.ஜி.ஓ.டி. 47 என்று வந்து, இரண்டும் தடித்த எழுத்தில் இருக்கின்றன. பிலிருபின், ஆல்புமின் நார்மல். தட்டணுக்கள் 2.4 லட்சம். வெறும் வயிற்றில் சர்க்கரை 108. உடம்புக்கு ஒரு தொந்தரவும் இல்லை. குடிப்பழக்கம் கிடையாது. ஒரு மாதமாக ஜிம்முக்குப் போகிறேன். கல்லீரலைச் சுத்தம் செய்யும் மூலிகை டானிக் ஒன்றை நண்பர் சிபாரிசு செய்கிறார். சாப்பிடலாமா? பயத்தில் தூக்கமே வருவதில்லை.

பதில்: முதலில் நிம்மதியாகத் தூங்குங்கள். நீங்கள் அனுப்பிய எண்களில் அவசரம் எதுவும் இல்லை. ஆனால் ரிப்போர்ட்டை மடித்து அலமாரியில் வைத்துவிடவும் வேண்டாம். காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி. இரண்டும் செல்களுக்குள் வேலை செய்யும் நொதிகள். செல்லுக்குச் சேதம் வந்தால் ரத்தத்தில் கசியும். கல்லீரல் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பதை இவை சொல்வதில்லை. அதைச் சொல்பவை ஆல்புமின், பிலிருபின், ரத்தம் உறையும் நேரம். உங்களுக்கு முதல் இரண்டும் சரியாக இருக்கின்றன. மூன்றாவதை இன்னும் பார்க்கவில்லை, அடுத்த முறை சேர்த்துக்கொள்ளலாம். நொதியின் அளவை வைத்து நோயின் தீவிரத்தையும் கணக்கிட முடியாது. வைரஸ் காமாலையில் ஆயிரக்கணக்கில் ஏறி, முழுதாகக் குணமாகிறவர்கள் உண்டு. கல்லீரல் சுருங்கிப்போனவருக்கு நொதிகள் கிட்டத்தட்ட நார்மலாக இருப்பதும் உண்டு.

அப்படியானால் உங்களுக்கு ஏன் ஏறியது? ஜிம் மேல் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. தசையிலும் இந்த நொதிகள் இருக்கின்றன, குறிப்பாக எஸ்.ஜி.ஓ.டி. பழக்கமில்லாதவர் பளு தூக்கினால் சில நாட்களுக்கு இரண்டுமே உயரும். ஆனால் தசையிலிருந்து வரும்போது பெரும்பாலும் எஸ்.ஜி.ஓ.டி.தான் மேலே நிற்கும். உங்களுக்கு எஸ்.ஜி.பி.டி. கூடுதல். உயரத்துக்கு மீறிய எடை, சற்றே கூடுதலான 108 என்ற சர்க்கரை, இவற்றையும் சேர்த்துப் பார்த்தால் கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்க வாய்ப்பு அதிகம். குடிக்காதவர்களுக்கும் இது மிகச் சாதாரணமாக வருகிறது. வீட்டில் யாராவது, ‘நிஜமாகவே குடிப்பதில்லையா?’ என்று கேட்டால் இந்தப் பதிலைக் காட்டுங்கள். குடியால் வரும் பாதிப்பில் பெரும்பாலும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி.யைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும்.

கையில் இருக்கும் எண்களை வைத்தே இன்னொரு கணக்குப் போடலாம். கல்லீரலில் தழும்பு விழுந்திருக்குமா என்று மதிப்பிட ‘ஃபிப்-4’ என்ற சூத்திரம் இருக்கிறது. வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்க வேண்டும்: 42 × 47 = 1974. தட்டணு எண்ணிக்கையை ஆயிரத்தில் எழுதி, எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும்: 240 × 8.25 = 1980. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் ஏறக்குறைய 1. உங்கள் வயதில் 1.3க்குக் கீழே இருந்தால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 2.67ஐத் தாண்டினால்தான் உடனே கல்லீரல் நிபுணரிடம் அனுப்புவோம். இடைப்பட்டவர்களுக்குக் கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் உதவும்.

டானிக் வேண்டாம். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். கல்லீரல் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் உறுப்பு. அதற்கென்று தனியாக ஒரு கழுவும் மருந்து கிடையாது. மூலிகைதானே என்று சாப்பிட்டு, நொதிகள் பத்து மடங்கு ஏறி வருகிறவர்களைக் கல்லீரல் பிரிவில் பார்க்கிறோம். அஸ்வகந்தா, கிரீன் டீ சாறு, செறிவூட்டிய மஞ்சள் மாத்திரை என எல்லாவற்றாலும் கல்லீரல் பாதிப்பு வந்தது பதிவாகியிருக்கிறது. ஜிம்மில் கொடுத்த பவுடரோ மாத்திரையோ சாப்பிடுகிறீர்களா? அப்படியானால் டப்பாவோடு உங்கள் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். வலிக்கு பாராசிட்டமால் அடிக்கடி போடும் பழக்கம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை: கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இப்படி லேசான உயர்வைப் பார்த்துப் பயந்து தாங்களாக நிறுத்திவிட வேண்டாம். நொதிகள் நார்மலின் மேல் வரம்பைப் போல மூன்று மடங்கு வரை ஏறினாலும் பொதுவாக நிறுத்த வேண்டியதில்லை.

சரி, அடுத்து என்ன? நாலு முதல் ஆறு வாரம் கழித்து மறுபடி ரத்தம் கொடுங்கள். அதற்கு முந்தைய ஒரு வாரம் பளு தூக்க வேண்டாம், நடந்தால் போதும். கூடவே தசைச் சேதத்தைக் காட்டும் சி.பி.கே. என்ற நொதியையும் பார்த்தால் தசையின் பங்கு தெரிந்துவிடும். ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனையைக் கட்டாயம் சேருங்கள். இரண்டும் பல வருடம் சத்தமில்லாமல் இருக்கக்கூடியவை, இரண்டுக்கும் நல்ல மருந்து இருக்கிறது. வயிற்று ஸ்கேன், தைராய்டு, மூன்று மாதச் சர்க்கரை சராசரி ஆகியவையும் வேண்டும். இதற்குப் பிறகும் உயர்வு நீடித்தால்தான் அரிய காரணங்களைத் தேடுவோம்.

கொழுப்புதான் என்று உறுதியானால், எடைக் குறைப்பே முதல் மருந்து. 82 கிலோவில் ஆறு கிலோ குறைந்தாலே கொழுப்போடு அழற்சியும் தணிய நல்ல வாய்ப்பு உண்டு. அதை ஆறு மாதத்தில் நிதானமாகக் குறையுங்கள். பட்டினி கிடந்து வேகமாக இளைப்பது கல்லீரலுக்கே நல்லதல்ல. சர்க்கரை கலந்த பானங்களை அடியோடு விடுங்கள். ஜிம்மை விட வேண்டாம்.

இடையில் கண் மஞ்சளானாலோ, சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போனாலோ, விடாத வாந்தி, வயிறு வீக்கம், குழப்பமான பேச்சு என்று எது வந்தாலும் ஆறு வாரம் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.