நேரம் குறித்த பதிவும் நேரடிப் பதிவும்

கேள்வி: நானும் என் சகோதரியும் கைவினைப் பொருள்கள் செய்து, ஃபேஸ்புக் பக்கத்திலும் இன்ஸ்டாகிராமிலும் பதிவிட்டு விற்று வருகிறோம். ஒரு வாரத்துக்கான பதிவுகளை ஒரே நாளில் தயாரித்து, குறித்த நேரத்தில் தானாக வெளியிடும் ஷெட்யூலிங் கருவியில் ஏற்றிவிட்டால், மற்ற நாள்களில் வேலையைக் கவனிக்கலாம். ஆனால், அப்படிச் செய்தால் ரீச் (பதிவைப் பார்ப்பவர்களின் எண்ணிக்கை) குறைந்துவிடும், நேரடியாகப் போடும் பதிவுக்குத்தான் மதிப்பு என்று பலரும் பயமுறுத்துகிறார்கள். இது உண்மையா?

பதில்: இந்தப் பயத்துக்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. 2011 வாக்கில், வேறு நிறுவனத்தின் ஷெட்யூலிங் கருவி போன்ற ஒரே வெளிச் செயலியின் வழியாக வந்த பதிவுகளை ஃபேஸ்புக் ஒன்றாகச் சுருக்கிக் காட்டியதால், அவை பலர் கண்ணில் படாமலே போயின. அந்த வழக்கம் பிறகு கைவிடப்பட்டுவிட்டது. பேச்சு மட்டும் இன்னும் ஓயவில்லை. இன்று ஃபேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டா நிறுவனமே, தன் மெட்டா பிசினஸ் சூட் என்ற கருவியில் நேரம் குறிக்கும் வசதியை இலவசமாகத் தருகிறது. இன்ஸ்டாகிராமில் தொழில்முறைக் கணக்கு வைத்திருப்பவர்கள், செயலிக்குள்ளேயே 75 நாள்கள் வரை முன்கூட்டி நேரம் குறித்து வைக்கலாம். தானே கொடுத்த வசதியைப் பயன்படுத்தியதற்காக ஒரு நிறுவனம் தன் வாடிக்கையாளரைத் தண்டிக்கும் என்பது நம்பத்தக்க வாதமாக இல்லை.

அப்படியும் நேரம் குறித்த பதிவுகள் சில சமயம் சோபிக்காமல் போகின்றன என்றால், அதற்குக் காரணம் பெரும்பாலும் கருவியன்று. பதிவு வெளியாகும்போது அங்கே ஆள் இல்லாததுதான். மாலை 7 மணிக்கு ஒரு கூடையின் படம் தானாக வெளியாகிறது, 7.05-க்கு ஒருவர், "இதே கூடை நீல நிறத்தில் கிடைக்குமா? மூடி உண்டா?" என்று கேட்கிறார், நீங்கள் மறுநாள் காலையில்தான் பார்க்கிறீர்கள். அதற்குள் அவர் வேறொருவரிடம் வாங்கியிருப்பார். அது மட்டுமன்று, பதில் இல்லாத அந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டு, கேட்க நினைத்த இன்னும் சிலரும் பேசாமல் நகர்ந்திருப்பார்கள். ஆகவே, நேரத்தைக் குறிக்கும்போது "எல்லோரும் எப்போது பார்க்கிறார்கள்" என்பதோடு, "அடுத்த அரை மணி நேரம் எங்களில் ஒருவர் கையில் போன் இருக்குமா" என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் பொருந்தும் சிறந்த நேரம் என்று இணையத்தில் சுற்றும் பட்டியல்களில் எனக்கு நம்பிக்கையில்லை. உங்களைப் பின்தொடர்பவர்கள் எப்போது விழித்திருக்கிறார்கள் என்பதை உங்கள் கணக்கின் இன்சைட்ஸ் பகுதியே காட்டும்.

நேரடிப் பதிவுக்கு உண்மையான மேன்மை இருக்கும் இடங்களும் உண்டு. வெளி நிறுவனங்களின் கருவிகள், இன்ஸ்டாகிராம் திறந்துவிட்ட அளவுக்குத்தான் உள்ளே நுழைய முடியும். 2018 ஜனவரி வரை அவற்றால் தாமாகப் பதிவிடவே முடியவில்லை. குறித்த நேரத்தில் போனுக்கு ஒரு நினைவூட்டல் வரும், மீதியை நாமே செய்ய வேண்டும். இப்போது படங்களும் ரீல்ஸும் தாமாகவே போய்விடுகின்றன என்றாலும், இன்ஸ்டாகிராமின் இசைத் தொகுப்பிலிருந்து பாட்டைச் சேர்ப்பதும், ஸ்டோரியில் வாக்கெடுப்பு ஸ்டிக்கர் ஒட்டுவதும் பெரும்பாலும் செயலிக்குள்தான் கைகூடும். ஃபேஸ்புக் குழுக்களுக்குள் வெளிக் கருவிகள் பதிவிடும் வழியும் 2024 ஏப்ரலில் அடைபட்டுவிட்டது. எனவே பொருள் அறிமுகம், விலை, விற்பனை அறிவிப்பு ஆகியவற்றுக்கு நேரம் குறித்து வையுங்கள்; ஸ்டோரிகளையும், கூடை பின்னும்போது எடுக்கும் சிறு வீடியோக்களையும் அப்போதைக்கப்போது நீங்களே போடுங்கள்.

கேள்வி: வெளிக் கருவி எதையாவது பயன்படுத்தினால், எங்கள் கணக்குக்கு ஆபத்து வருமா?

பதில்: முறையான கருவி உங்களை ஃபேஸ்புக் அல்லது இன்ஸ்டாகிராமின் சொந்த உள்நுழைவுப் பக்கத்துக்கு அழைத்துச் சென்று அனுமதி பெறுமே தவிர, கடவுச்சொல்லைத் தன்னிடம் தரும்படி கேட்காது. கேட்டால் அங்கேயே விலகிவிடுங்கள். இன்னொன்று, கடவுச்சொல்லை மாற்றினால் அந்த அனுமதி ரத்தாகிவிடக்கூடும். வரிசையில் நிற்கும் பதிவுகள் போகாமல் நின்றுவிடும். மாற்றிய கையோடு கணக்கை மறுபடி இணைத்துவிடுங்கள். கருவியின் அமைப்புகளில் நேர மண்டலம் சரியாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். நள்ளிரவு 2 மணிக்கு வெளியாகும் விற்பனை அறிவிப்புகளில் பல இந்தக் கவனக்குறைவால் வருபவை.

கேள்வி: நேரம் குறித்து வைத்த பிறகு நிலைமை மாறிவிட்டால் என்ன செய்வது?

பதில்: 2013 ஜனவரியில் பிரிட்டனின் டெஸ்கோ நிறுவனத்துக்கு நேர்ந்தது இதுதான். அது விற்ற பர்கர்களில் குதிரை இறைச்சி கலந்திருப்பது தெரியவந்து நாடே கொதித்துக்கொண்டிருந்தபோது, தூங்கப் போவதை வைக்கோலோடு சேர்த்துச் சொல்லும் 'ஹிட் த ஹே' என்ற ஆங்கில வழக்குத்தொடரில் இரவு வணக்கம் கூறிய ட்வீட் ஒன்று அதன் கணக்கிலிருந்து வெளியானது. குதிரையைச் சொல்லிக் கேலி செய்ததாக மக்கள் எடுத்துக்கொண்டார்கள். செய்தி தெரியவருவதற்கு முன்பே நேரம் குறிக்கப்பட்டிருந்த ட்வீட் அது என்று விளக்கி, நிறுவனம் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

உங்கள் அளவில் ஆபத்து இதைவிடச் சிறியது, ஆனால் அடிக்கடி வரக்கூடியது: தீர்ந்துபோன பொருளுக்கு விளம்பரம், முடிந்துபோன தள்ளுபடிக்கு நினைவூட்டல். வாரத்துக்கு மேல் வரிசையை நீட்டாதீர்கள். தினமும் காலையில் அன்றைய பதிவை ஒருவர் திறந்து படிக்கட்டும். பஃபர் போன்ற வெளிக் கருவிகளில் வரிசை முழுவதையும் ஒரேயடியாக நிறுத்திவைக்கலாம். மெட்டா பிசினஸ் சூட்டில் பதிவைத் திறந்து தேதியை மாற்றலாம் அல்லது வரைவாக்கலாம். இந்த வேலையைப் போனிலிருந்தே செய்ய இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் பயணத்தில் இருக்கும்போதுதான் இதற்கு அவசியம் வரும்.