தார் வண்டிக்குக் காற்றுக் கம்ப்ரசர்: வயர் குட்டையாக, ஹோஸ் நீளமாக

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "என்னிடம் 2021-ஆம் ஆண்டு மகிந்திரா தார் இருக்கிறது; 18 அங்குல அலாய் வீல். டிசம்பரில் ஜெய்சல்மேர் பக்கம் மணலில் ஓட்டத் திட்டம். நண்பர் கொடுத்த 12 வோல்ட், 30 ஆம்பியர் கம்ப்ரசரில் பேட்டரி கிளிப்புகள் இருந்தன. அவற்றை வெட்டிவிட்டு சிகரெட் லைட்டர் பிளக் போட்டு ஆன் செய்ததும் ஃபியூஸ் போய்விட்டது. கம்ப்ரசரை 5 லிட்டர் டேங்க்கோடு டிக்கியில் நிரந்தரமாகப் பொருத்தித் தருவதாக ஆக்சஸரீஸ் கடைக்காரர் சொல்கிறார். செய்யலாமா?"

ஃபியூஸ் போனது நல்லதுக்குத்தான். பெரும்பாலான கார்களில் அந்த சாக்கெட் 120 வாட்டுக்கு, அதாவது ஏறத்தாழ 10 ஆம்பியருக்கு மட்டுமே கணக்கிடப்பட்டது. உங்கள் கம்ப்ரசர் கேட்பது அதைப்போல மூன்று மடங்கு. 30 ஆம்பியர் ஃபியூஸை மாற்றிப் போட்டால் ஓடிவிடும் என்று யாராவது யோசனை சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். டாஷ்போர்டுக்குள் ஓடும் மெல்லிய வயரைக் காப்பாற்றத்தான் அந்தச் சிறிய ஃபியூஸ் இருக்கிறது. அதைப் பெரிதாக்கினால் அடுத்து உருகப்போவது வயர்.

டேங்க் விஷயத்தை ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். உங்கள் வண்டியின் 255/65 ஆர் 18 டயருக்குள் ஏறத்தாழ 65 லிட்டர் கொள்ளளவு இருக்கும். மணலில் புதையாமல் ஓட 15 பிஎஸ்ஐ வரை இறக்கிய டயரை 32-க்கு ஏற்ற வேண்டுமென்றால், வெளிக்காற்றின் அழுத்தம் 14.7 பிஎஸ்ஐ என்பதால், சுமார் 75 லிட்டர் வெளிக்காற்றை உள்ளே தள்ள வேண்டும். 100 பிஎஸ்ஐ ஏற்றிய 5 லிட்டர் டேங்க்கில், டயரின் அழுத்தத்துக்கு மேலே மிஞ்சி உங்களுக்குப் பயன்படும் காற்று வெறும் 23 லிட்டர்தான்; ஒரு டயருக்குத் தேவையானதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே நான்கு டயருக்கும் காற்றடிக்கும் வேலையை டேங்க் குறைக்கப்போவதில்லை. ரிம்மிலிருந்து கழன்ற டயரின் விளிம்பை ஒரே வீச்சில் உட்கார வைப்பதற்கும் காற்றில் இயங்கும் டிஃபரன்ஷியல் லாக்கருக்கும் (ஒரே அச்சிலுள்ள இரு சக்கரங்களும் சேர்ந்தே சுழலும்படி பூட்டும் கருவி) மட்டுமே அதனால் உண்மையான பயன் உண்டு. ஏர் ஹாரனுக்கு ஆகுமே என்பார் கடைக்காரர். பல சுரங்களில் ஒலிக்கும் ஹாரனை 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் தடை செய்திருப்பதால் அந்த ஆசையை விட்டுவிடலாம். பழைய தீயணைப்பு சிலிண்டரையோ கேஸ் சிலிண்டரையோ டேங்க்காக வெல்டு செய்து தருவதாகச் சொல்லும் பட்டறை எதுவானாலும் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

இனி, டிக்கியில் பொருத்துவது பற்றி. பானெட்டுக்குள் இருக்கும் பேட்டரியிலிருந்து பின்பக்கம் வரை வளைந்து நெளிந்து போக 5 மீட்டர் வயர் ஆகும். போக வர 10 மீட்டர். 4 சதுர மில்லிமீட்டர் தாமிர வயரில் 30 ஆம்பியர் ஓடினால் அவ்வளவு தூரத்தில் ஏறத்தாழ 1.3 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். அதை ஏறத்தாழ 0.3 வோல்ட்டுக்குக் கொண்டுவர 16 சதுர மில்லிமீட்டர் வயர் தேவைப்படும். அது விலையிலும் கனம், வளைப்பதற்கும் கடினம். ஆனால் காற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை: 7 மீட்டர் ஹோஸ் வழியாக டயருக்குப் போகும்போது நேரத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. தாரின் நீளம் 4 மீட்டருக்குள்தான் என்பதால், முன்சக்கரத்தின் ஓரம் வைத்த கம்ப்ரசரிலிருந்து எதிர்ப்பக்கப் பின்சக்கரம் வரை அந்த ஹோஸ் எட்டிவிடும்.

அதனால் என் யோசனை இதுதான். வயரிங்கை வண்டியில் நிரந்தரமாகச் செய்துகொள்ளுங்கள். கம்ப்ரசர் தன் பெட்டியிலேயே இருக்கட்டும். பேட்டரியிலிருந்து 6 சதுர மில்லிமீட்டர் ஆட்டோ கேபிளை ஒன்றரை மீட்டருக்கு மிகாமல் இழுத்து, கிரில்லுக்குப் பின்னாலோ ஃபெண்டர் ஓரத்திலோ 50 ஆம்பியர் ஆண்டர்சன் பிளக்கில் (அதிக மின்சாரம் தாங்கும், கழற்றி மாட்டும் இணைப்பு) முடியுங்கள். கம்ப்ரசர் வயரின் நுனியிலும் அதே பிளக் வரட்டும். இந்த நீளத்துக்கு இழப்பு கால் வோல்ட்தான். வீட்டு வயரிங்குக்கான வயரை வாங்காதீர்கள். இன்ஜின் அருகிலுள்ள சூட்டையும் ஆயிலையும் அதன் உறை தாங்காது.

40 ஆம்பியர் ஃபியூஸை பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் வைப்பதில் மட்டும் சமாதானம் செய்துகொள்ள வேண்டாம். ஒருமுறை என் பட்டறைக்கு வந்த ஜீப் ஒன்றில் கம்ப்ரசர் பக்கத்து முனையில்தான் ஃபியூஸ் இருந்தது. நடுவழியில் ஃபயர்வால் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகரச் சுவர்) துளையில் ரப்பர் வளையம் இல்லாமல் போன கேபிள் தகரத்தில் உரசி உரசி, உறை கிழிந்து, பாடியைத் தொட்டது. ஃபியூஸ் கடைசிவரை போகவே இல்லை. பேட்டரிக்கும் தகரத்துக்கும் நடுவே இருந்த கேபிள் முழுவதும் கரியாகிவிட்டது. கேபிள் நுனியில் மாட்டும் உலோக முனைகளான லக்குகளைக் கட்டிங் பிளையரால் நசுக்காமல் கிரிம்பிங் டூலால் அழுத்தச் சொல்லுங்கள். முடிந்ததும் பிடித்து ஓங்கி இழுத்துப் பாருங்கள், அசையக் கூடாது. பேட்டரியின் நெகட்டிவ் முனையில் மின்சாரப் போக்குவரத்தை அளக்கும் சென்சர் இருக்கும் வண்டியானால், நெகட்டிவ் வயரை அந்த முனையில் கோக்காமல் பாடி எர்த்தில் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் கம்ப்ரசர் இழுக்கும் மின்சாரம் சென்சரின் கணக்குக்கே வராது. வண்டியின் சொந்த வயரிங்கை எங்கும் வெட்டாமல் செய்தால் வாரண்டி விவாதம் எழும் வாய்ப்பும் குறையும்.

மணலில் 18 பிஎஸ்ஐயில் தொடங்கி, புதைந்தால் 15 வரை இறங்கலாம். அதற்கும் கீழே போனால் பக்கவாட்டுச் சரிவில் திரும்பும்போது டயர் ரிம்மை விட்டு நழுவும் வாய்ப்பு அதிகம். தார் போட்ட ரோட்டுக்கு ஏறும் முன் மறுபடி ஏற்றிக்கொள்ள வேண்டும். காற்று குறைந்த டயர் வேகத்தில் சூடாகித் தன் பக்கச்சுவரைத் தானே கெடுத்துக்கொள்ளும்.

காற்றடிக்கும்போது இன்ஜின் ஓடட்டும், ஹேண்ட் பிரேக் போட்டிருக்கட்டும். கம்ப்ரசரை நேரே மணலில் வைக்காமல் ஒரு கால்மிதியின் மேல் வையுங்கள். அந்தப் பொடி மணல் உறிஞ்சும் ஃபில்டருக்குள் போனால் பிஸ்டன் வளையம் தேய்ந்துவிடும். மூன்றாவது டயருக்கு வரும்போது ஹோஸின் பித்தளை முனை கையைச் சுடும், ஒரு துணி வைத்துக்கொள்ளுங்கள். காற்று ஓடிக்கொண்டிருக்கும்போது ஹோஸிலுள்ள மீட்டர் கூடுதலாகக் காட்டும் என்பதால், நிறுத்திவிட்டுத் தனி கேஜில் பார்ப்பதே சரி. பெட்டியில் நிமிடத்துக்கு 70 லிட்டர் என்று அச்சிட்டிருந்தால், அது எதிர் அழுத்தமே இல்லாதபோது கிடைக்கும் அளவு. டயர் நிரம்ப நிரம்ப வேகம் குறையும்.

பின்னாளில் லாக்கர் போட்டு கம்ப்ரசரை பானெட்டுக்குள் நிலையாகப் பொருத்த நேர்ந்தால், எக்ஸாஸ்ட் குழாயிலிருந்து தள்ளி, 650 மில்லிமீட்டர் தண்ணீரில் இறங்கக்கூடிய வண்டி என்பதை நினைவில் வைத்து, காற்று உறிஞ்சும் வாயை அந்த மட்டத்துக்கு நன்றாக மேலே கொண்டுபோங்கள். அமெரிக்காவில் சிலர் கம்ப்ரசருக்குப் பதில் கார்பன் டை ஆக்ஸைடு சிலிண்டர் வைத்துக்கொள்கிறார்கள். வேகமானதுதான், ஆனால் 31 டிகிரி வெப்பத்தைத் தாண்டினால் அந்த வாயு திரவமாக இருக்காது, அழுத்தம் கிடுகிடுவென ஏறும். வெயிலில் பூட்டி நிறுத்தும் வண்டிக்குள் அதை வைக்க எனக்கு மனம் வராது.

புறப்படும் முன் வீட்டு வாசலிலேயே ஒரு டயரை 15-க்கு இறக்கி, கடிகாரத்தைப் பார்த்தபடி 32-க்கு ஏற்றுங்கள். இரண்டு அல்லது மூன்று நிமிடத்தில் முடிய வேண்டும். நடுவில் கம்ப்ரசரின் வயர் முனைகளில் மல்டிமீட்டரை வைத்தால் 13 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்ட வேண்டும். குறைந்தால் பிளக்கையும் லக்குகளையும் தொட்டுப் பாருங்கள், சூடாக இருக்கும் இணைப்பைத்தான் மறுபடி கிரிம்ப் செய்ய வேண்டும்.