மொழி தெரியாத தீவில் முதல் சில வாரங்கள்: வாசகர் கேள்வி பதில்

இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவுக்கு வரவிருக்கும் தமிழ் வாசகர்களும், அண்மையில் வந்து சேர்ந்தவர்களும் எழுதிய கடிதங்களில் திரும்பத் திரும்ப ஒரே கவலை தெரிகிறது. பிரெஞ்சும் தெரியாது, பிரெஞ்சிலிருந்து பிறந்த இந்த ஊர்ப் பேச்சுமொழியான கிரியோலும் தெரியாது, எப்படிக் காலம் தள்ளுவது என்று கேட்கிறார்கள். ஆகவே இந்த இதழின் பக்கங்களை அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி: என் மகனும் மருமகளும் சேன் தெனியில் வேலை பார்க்கிறார்கள். பேரனைப் பார்த்துக்கொள்ள மூன்று மாதம் அங்கே போகிறேன். தமிழ் தவிர வேறு மொழி தெரியாது. ஆங்கில எழுத்துகளை எழுத்துக்கூட்டிப் படிப்பேன். பகலில் அவர்கள் இருவரும் வீட்டில் இருக்க மாட்டார்கள். நான் கடைக்குப் போகவோ பேருந்தில் ஏறவோ முடியுமா, அல்லது வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்க வேண்டியதுதானா?

பதில்: அம்மா, நீங்கள் தாராளமாக வெளியே போகலாம், போகவும் வேண்டும். பகல் முழுவதும் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பவர்களுக்கு ஊர் பழகுவதே இல்லை என்பதை இங்கே எத்தனையோ குடும்பங்களில் பார்த்திருக்கிறேன்.

விமானம் ஏறுமுன் நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது ‘போன்ஜூர்’ என்ற ஒரே சொல்தான். பொழுது சாய்ந்த பிறகு ‘போன்சுவார்’ என்று சொல்ல வேண்டும். கடைக்குள் நுழையும்போதும், பேருந்தில் ஏறும்போதும், மருத்துவரின் காத்திருப்பு அறையில் உட்காரும்போதும் இங்குள்ளவர்கள் முதலில் வணக்கம் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசுவார்கள். நம் ஊரில் கடைக்காரரிடம் நேராக ‘என்ன விலை?’ என்று கேட்பதில் தவறொன்றும் இல்லை. இங்கே அதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வார்கள். வணக்கம் சொல்லிவிட்டு அதன்பின் வாய் திறக்காமல் விரலால் சுட்டிக் காட்டினாலும், எதிரில் இருப்பவர் பொறுமையாக நின்று உதவுவார். தெரிந்த பெண்கள் ஒருவரையொருவர் கன்னத்தோடு கன்னம் வைத்து வரவேற்பதும் இங்கே வழக்கம். உங்களுக்குக் கூச்சமாக இருந்தால் முந்திக்கொண்டு கைகூப்பிவிடுங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

எழுத்துக்கூட்டிப் படிப்பேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அது பெரிய முதல். ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் எழுத்து ஒன்றுதான் என்பதால் தெருப் பெயரையும் பேருந்து நிறுத்தத்தின் பெயரையும் நீங்கள் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். பலுக்கும் விதம் வேறு என்பதால், காதால் கேட்ட பெயரைத் தேடாமல் தாளில் எழுதிய பெயரைத் தேடுங்கள். வந்த அன்றே உங்கள் மகனிடம் சொல்லி ஒரு கெட்டி அட்டையில் வீட்டு முகவரி, அவருடைய தொலைபேசி எண், ‘இவர் தமிழ் மட்டுமே பேசுவார், தேவையானால் மகனை அழையுங்கள்’ என்ற ஒரு வரி ஆகியவற்றைப் பிரெஞ்சில் பெரிதாக எழுதி வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

விலை விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். பிரெஞ்சில் எழுபதை ‘அறுபதும் பத்தும்’ என்றும், எண்பதை ‘நான்கு இருபது’ என்றும், தொண்ணூறை ‘நான்கு இருபதும் பத்தும்’ என்றும் சொல்வதால், காதில் விழும் எண்ணை நம்பிப் பணம் எடுத்து நீட்டினால் குழப்பம்தான் வரும். கல்லாப் பெட்டியின் திரையைப் பாருங்கள், அல்லது எழுதிக் காட்டச் சொல்லிச் சைகை செய்யுங்கள். எழுதுவதிலும் இரண்டு வேறுபாடுகள் உண்டு. நாம் புள்ளி வைக்கும் இடத்தில் இவர்கள் காற்புள்ளி வைக்கிறார்கள். ஆகவே விலைச்சீட்டில் 3,50 என்றிருந்தால் மூன்றரை யூரோ, எடைச்சீட்டில் 1,250 கிலோ என்றிருந்தால் ஒன்றேகால் கிலோ. கையால் எழுதும் ஒன்றுக்கு மேலே நீளமாக ஒரு கொம்பு இருக்கும், ஏழின் நடுவில் ஒரு குறுக்குக்கோடு இருக்கும். கோடு இல்லையென்றால் அது ஒன்று என்று கொள்ளுங்கள்.

காய்கறிச் சந்தையில் உங்களுக்கு மொழிக் கவலையே இராது. கறிவேப்பிலையைக் ‘கலுபிலே’ என்றும், கொத்தமல்லியைக் ‘கொத்தொமிலி’ என்றும், முருங்கையை ‘முருங்க்’ என்றும் சொல்லித்தான் விற்கிறார்கள். நீங்கள் நம் ஊர்ப் பெயரைச் சொன்னாலே புரிந்துகொள்வார்கள். வெள்ளியும் சனியும் ‘சேன் போல்’ என்ற ஊரில் கூடும் சந்தைக்கு ஒருமுறை மகனோடு போய்வாருங்கள். கீரை விற்கும் அம்மாள் கட்டைவிரலை நிமிர்த்திக் காட்டினால் ‘சரி’ என்று பொருள் கொண்டு தலையாட்டிவிடாதீர்கள். இவர்கள் எண்ணத் தொடங்குவது கட்டைவிரலில் என்பதால், ஒரு கட்டு போதுமா என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கலாம். பிறகு வீட்டுக்கு அருகிலுள்ள சந்தையில் ஒரே கடையாகப் பார்த்து வாரந்தோறும் அங்கேயே வாங்குங்கள். உங்கள் முகம் தெரிந்துவிட்டால், நீங்கள் கேட்காமலேயே அவர்கள் சில்லறையை உங்கள் உள்ளங்கையில் ஒவ்வொன்றாக எண்ணி வைப்பார்கள். சிறிய கடைகள் பலவும் நண்பகலில் இரண்டு மணி நேரம் மூடிவிடும். ஞாயிறு பிற்பகலில் அநேகமாக ஒன்றும் திறந்திருக்காது.

பேருந்துக்கு நிறுத்தத்தில் நின்று கைகாட்ட வேண்டும். முன்வாசலில் ஏறி ஓட்டுநருக்கு வணக்கம் சொல்லிவிட்டு, இறங்குமிடம் எழுதிய தாளைக் காட்டுங்கள். உங்கள் நிறுத்தம் நெருங்கும்போது பலமாகக் கைதட்டினால் வண்டி நிற்கும். இந்தத் தீவின் பழைய வழக்கம் அது. உள்ளூர்க்காரர்கள் தட்டுவதை இரண்டு முறை பார்த்தால் உங்களுக்கும் கூச்சம் போய்விடும்.

மாமல்லபுரத்திலிருந்து ஒரு சிற்பக் கலைஞர்: கோயில் திருப்பணிக்காக எங்கள் குழு அங்கே வருகிறது. நிர்வாகத்தாரின் பெயர்களெல்லாம் தமிழ்ப் பெயர்களாக இருக்கின்றன. ஆனால் தொலைபேசியில் பேசினால் ஒருவருக்கும் தமிழ் வரவில்லை. இவர்களோடு எப்படி வேலை செய்வது?

பதில்: ஐயா, வேலையைப் பற்றிச் சொல்லுமுன் ஒரு வேண்டுகோள். ‘தமிழராக இருந்துகொண்டு தமிழ் தெரியாதா?’ என்று அவர்களிடம் ஒருபோதும் கேட்காதீர்கள். வேடிக்கையாகக் கேட்டாலும் அது அவர்களைப் புண்படுத்தும்.

1848 டிசம்பர் 20 அன்று இந்தத் தீவில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. அதன்பின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டும் என்று தமிழ்நாட்டிலிருந்தும் புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள்தாம் இவர்கள். 1882இல் பிரிட்டிஷ் அரசு ஆள் அனுப்புவதை நிறுத்திய பிறகு ஊரோடு இருந்த தொடர்பு அறுந்துபோனது. பள்ளிக்கூடம் பிரெஞ்சில், தெருப் பேச்சு கிரியோலில் என்று தலைமுறைகள் கடந்த பின்னும், மாரியம்மனுக்குத் தீமிதிப்பதையும் முருகனுக்குக் காவடி எடுப்பதையும் இவர்கள் விட்டுவிடவில்லை. பொருள் முழுவதும் விளங்காத தமிழ்ப் பாடல்களை ரோமன் எழுத்தில் எழுதிவைத்துப் பக்தியோடு பாடுகிறார்கள். மொழி கைநழுவிய நிலையிலும் இவ்வளவைக் காப்பாற்றியவர்களை நாம் வணங்கத்தான் வேண்டும்.

இனி வேலைக்கு வருவோம். அபிஷேகம், கோபுரம், கும்பாபிஷேகம், பூசாரி போன்ற கோயிற்சொற்கள் அவர்களுக்குத் தெரியும். மெதுவாகச் சொன்னால் பிடித்துக்கொள்வார்கள். அளவுகளில்தான் தகராறு வரும். அடியும் அங்குலமும் இங்கே புழக்கத்தில் இல்லை. நீங்கள் சிற்ப சாஸ்திரக் கணக்கில் வகுத்ததை மீட்டரிலும் சென்டிமீட்டரிலும் மாற்றி, வரைபடத்தின் ஓரத்தில் படத்தோடு எழுதிக்கொண்டு வாருங்கள். இடையில் மாற்றம் ஏதும் பேசினால், தலையசைப்பை ஒப்புதலாக எடுத்துக்கொள்ளாமல், அந்த இடத்தைப் படத்தில் வட்டமிட்டுத் தேதி போட்டு இருதரப்பும் கையெழுத்திடுங்கள். நம்மவர்கள் தலையைப் பக்கவாட்டில் ஆட்டிச் ‘சரி’ என்பது இவர்களுக்கு ‘இல்லை’ என்று படக்கூடும் என்பதால், குழுவினர் எல்லோரும் ‘வீ’ என்றால் ஆம், ‘நோன்’ என்றால் இல்லை என்ற இரண்டையும் வாயால் சொல்லப் பழகிக்கொள்வது நல்லது.

சைவம் மட்டும் உண்பவர்கள் குழுவில் இருந்தால் முதல் நாளே தெரிவித்துவிடுங்கள். ‘சான் வியாந்த், சான் புவாசோன்’ என்றால் இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம் என்று பொருள். சோறும் பருப்பும் காய்கறிக் குழம்பும் ஊறுகாயும் எளிதாகக் கிடைக்கும்.

கோவையிலிருந்து ஒரு மாணவர்: கைபேசியில் மொழிபெயர்ப்புச் செயலி இருக்கும்போது இவ்வளவு கவலை எதற்கு?

பதில்: தம்பி, செயலி பெரிய துணைதான், ஆனால் அதற்கும் எல்லை உண்டு. சிலாவோஸ், சலாசி போன்ற மலைச்சூழ்ந்த பகுதிகளிலும், சாலையே இல்லாமல் நடந்தோ ஹெலிகாப்டரிலோதான் போக வேண்டியிருக்கும் மஃபாத்திலும் இணைப்பை நம்ப முடியாது. ஆகவே இரண்டு மொழிகளையும் முன்கூட்டியே கைபேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நாம் தமிழில் ‘போகணும்’ என்று மட்டும் சொல்வோம். போக வேண்டியது யார் என்பதை இயந்திரம் தானாக ஊகித்துத் தவறாகச் சொல்லிவிடும். ‘நான் சிலாவோஸுக்குப் போக வேண்டும்’ என்று முழு வாக்கியமாக, சிறியதாகக் கொடுங்கள். வந்த பிரெஞ்சு வாக்கியத்தை மறுபடி தமிழாக்கிப் பார்த்தபின் காட்டுங்கள். கிரியோல் பேச்சு வந்தால் செயலி தடுமாறும். அப்போது பிரெஞ்சில் சொல்லுமாறு கேளுங்கள், இங்கே பெரும்பாலோருக்கு இரண்டும் தெரியும்.

புதுச்சேரியிலிருந்து ஒரு வாசகர்: என் பெற்றோர் ஜனவரியில் சேன் ஆந்த்ரேயிலுள்ள தங்கை வீட்டுக்கு வருகிறார்கள். அப்பாவுக்குச் சர்க்கரை நோய். தங்கை வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் உடம்புக்கு முடியாமல் போனால், அல்லது புயல் வந்தால், மொழி தெரியாத அவர்கள் என்ன செய்வார்கள்?

பதில்: நியாயமான கவலை. மருந்துக்கடையை எளிதில் கண்டுபிடிக்கலாம், வாசலில் பச்சை நிறச் சிலுவை எரியும். ஆனால் நம் ஊர் மருந்தின் வணிகப் பெயரைச் சொன்னால் இங்குள்ள மருந்தாளருக்குத் தெரியாமல் போகலாம். அப்பா உட்கொள்ளும் ஒவ்வொரு மருந்தின் மூலப்பெயரையும் மில்லிகிராம் அளவையும், காலையா இரவா என்பதையும் மருத்துவரிடம் கேட்டு ரோமன் எழுத்தில் தட்டச்சு செய்து கொடுத்தனுப்புங்கள். மெட்ஃபார்மின், இன்சுலின், பாராசிட்டமால் என்பவை பிரெஞ்சிலும் ஏறக்குறைய அதே பெயர்கள்தாம். ஒவ்வாமை ஏதும் இருந்தால் அதைச் சிவப்பு மையில் மேலே எழுதுங்கள்.

அவசர மருத்துவ உதவிக்கு எண் 15; தீயணைப்புப் படைக்கு 18; எது என்று தெரியாவிட்டால் 112. தொலைபேசியில் பேச மொழி வேண்டுமே என்பீர்கள். உங்கள் ஊரில் உறவிலோ தெருவிலோ பிரெஞ்சு தெரிந்த ஒருவராவது இருப்பார். அவரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்து, தேவைப்படும்போது அழைத்துக் கைபேசியை மருத்துவரிடமோ அண்டைவீட்டாரிடமோ கொடுத்துவிடச் சொல்லுங்கள். இங்குள்ள நேரம் இந்தியாவுக்கு ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது என்பதால், அங்கே அவர் தூங்கிவிட்டிருக்கும் நேரங்களை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஜனவரி புயல் மாதம் என்பது உண்மைதான். இங்கே புயல் எச்சரிக்கையை நிறங்களால் அறிவிக்கிறார்கள் என்பதால் மொழி தெரியாதவர்களும் பின்பற்ற முடியும். மஞ்சள் என்றால் முன்னெச்சரிக்கை. அப்போதே தண்ணீரும் மருந்தும் மெழுகுவர்த்தியும் வாங்கி வைத்துவிட வேண்டும். ஆரஞ்சு அறிவித்தால் பள்ளிகள் மூடப்படும். சிவப்பு என்றால் யாரும் வெளியே காலடி எடுத்து வைக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலானது ஊதா. 2024 ஜனவரியில் பெலால் புயல் தீவைத் தாக்கியபோது அதை அறிவித்தார்கள். காற்று நின்றதும் வெளியே போய்விடலாம் என்று அப்பா அம்மா நினைத்துவிடக் கூடாது. சிவப்பு நீங்கிய பிறகும் அறுந்த மின்கம்பிகளும் பெருகி ஓடும் ஓடைகளும் ஆபத்தானவை என்பதால், எச்சரிக்கையை முழுவதுமாக விலக்கும் வரை ஒரு காப்புக் கட்டம் இருக்கும். இந்த நிறங்களின் வரிசையைத் தமிழில் எழுதிக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டிவைக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றை உங்கள் தங்கையிடம் கட்டாயம் சொல்லுங்கள். பெற்றோர் வந்த முதல் நாளே அவர்களைப் பக்கத்து வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் அழைத்துச் சென்று அறிமுகப்படுத்தி, அப்பாவின் மருந்துப் பட்டியலில் ஒரு படியையும் தம்முடைய அலுவலகத் தொலைபேசி எண்ணையும் அவர்களிடம் கொடுத்துவைக்க வேண்டும்.