கொம்புக்கு ஒரு ரப்பர் குழாய்

அமெரிக்காவின் டெக்சஸில் வெளிமான் போன்ற இரலைகளை (antelope) வளர்க்கும் பண்ணைகளுக்குப் போய் வைத்தியம் பார்க்கும் கால்நடை டாக்டர் நான். சொந்த ஊர் வேதாரண்யம் பக்கம். இந்த வேலையைப் பற்றிப் போன இதழில் எழுதியதற்கு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

வெளிமான் நம் ஊர் விலங்காயிற்றே, அமெரிக்காவுக்கு எப்படிப் போனது? (வாசகி, மன்னார்குடி)

கப்பலேறித்தான். இங்கே கெர்வில் வட்டாரத்தில் 1932-இல் முதன்முதலாக விட்டார்கள். தெற்கே கிங் ராஞ்ச் என்ற பெரிய மாட்டுப் பண்ணை. அங்கே அதே காலத்தை ஒட்டி நீல்காயை, அதாவது நம் நாட்டின் பெரிய இரலையை, இறக்கினார்கள். வறண்ட புல்வெளி, முள்மரம், சுண்ணாம்புப் பாறை. இரண்டுக்கும் ஒத்துப்போய்விட்டது.

ஒரு சின்னத் திருத்தம். வெளிமான் பெயரில்தான் மான், உண்மையில் இரலை. புள்ளிமானுக்குக் கொம்பு விழுந்து மறுபடி முளைக்கும். இதற்கு ஆடு மாடு மாதிரி முளைத்த கொம்பேதான், ஆயுசுக்கும்.

சின்ன வயதில் அப்பாவின் சைக்கிள் பாரில் உட்கார்ந்து கோடியக்கரையில் பார்த்த விலங்கு. இங்கே வந்த முதல் வாரம், கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கருத்த கிடா மூக்கை வானத்துக்குத் தூக்கி, கொம்பை முதுகில் படுக்கவைத்து, பெட்டைகள் முன்னால் நடை போட்டுக்கொண்டிருந்தான். "நீ எப்ப வந்தே?" என்று கேட்கத் தோன்றியது. இன்னொரு விந்தை: பாகிஸ்தானில் வெளிமான் அற்றுப்போனபின், 1970-களில் லால் சுஹான்ரா பூங்காவுக்கு இங்கிருந்துதான் அனுப்பினார்கள்.

பத்து ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. நான்கைந்து வெளிமான் வாங்கி விடலாமா? (வாசகர், பொள்ளாச்சி)

ஐயா, வேண்டவே வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் பட்டியலில் இருக்கிறது. வாங்கினாலும் குற்றம், வைத்திருந்தாலும் குற்றம். டெக்சஸில் கதை வேறு. வெளிநாட்டிலிருந்து வந்த இனம் என்பதால் வேலிக்குள் இருப்பது பண்ணைக்காரரின் சொத்து, ஆடு மாடு கணக்கில். தோப்பில் நாலு தலைச்சேரி ஆடு விடுங்கள்.

இவ்வளவு ஓடுகிற விலங்கைப் பிடித்து ஊசி போடுவது எப்படி? (வாசகர், திருச்சி)

பிடிக்காமல் இருப்பதுதான் பாதி வைத்தியம். நான் தோற்ற கதையைச் சொல்கிறேன். முதல் வருடம், ஜூன் மாதம், பகல் பதினோரு மணி. வேறு பண்ணைக்கு விற்ற ஒரு கிடாவை ஏற்ற வேண்டும். வண்டியில் துரத்தித் துரத்தி, இருபது நிமிடம் கழித்து மயக்க ஊசியைத் துப்பாக்கியால் போட்டேன். விழுந்தான், ஏற்றினோம், எழுந்து நின்றான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்றாம் நாள் போன் வந்தது: பின்னங்கால் இழுக்கிறது, மூத்திரம் டிக்காஷன் நிறத்தில் போகிறது. அதிலேயே போய்விட்டான். பயத்திலும் ஓட்டத்திலும் உடம்புச் சூடு ஏறி தசை செத்துவிடும். அதன் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும். அப்புறம் என்ன மருந்து கொடுத்தாலும் பெரும்பாலும் வீண். தவறு முழுக்க என்னுடையது.

இப்போது குளிர்காலத்தில், விடியற்காலையில் மட்டும்தான். விழுந்தவுடன் கண்ணைத் துணியால் கட்டுவோம், நெஞ்சு தரையில் படிய நிமிர்த்தி வைப்போம். பேச்சு கூடாது, செல்போன் அடித்தால் கெட்ட கோபம் வரும் எனக்கு. தெர்மாமீட்டர் 41 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் தண்ணீரை ஊற்றி, மயக்கத்தை முறிக்கும் மாற்று மருந்தைக் கொடுத்து எழுப்பிவிடுவேன், வண்டியில் ஏற்றுவது ரத்து. ஏற்றுவதென்றால் கொம்பு நுனியில் தோட்டத்து ரப்பர் குழாயை வெட்டிச் செருகி டேப் சுற்றுவோம். இல்லாவிட்டால் இருட்டு வண்டிக்குள் ஒன்றை ஒன்று குத்திக்கொள்ளும். நாங்கள் போடும் எடார்ஃபின் என்ற மயக்க மருந்து மனிதன் மேல் சிறிது பட்டாலே ஆளைச் சாய்க்கும். அதனால் என் பக்கத்தில் ஒருவர் மாற்று மருந்தோடு நிற்பார். அவருக்கு வேறு வேலை கிடையாது.

நோய் நொடி? (வாசகி, நாமக்கல்)

ஆடு வளர்ப்பவர் என்று எழுதியிருக்கிறீர்கள், அப்படியானால் எதிரியை உங்களுக்கே தெரியும்: ரத்தம் குடிக்கிற வயிற்றுப்புழு. வெள்ளாடு என்றால் கண் இமையை இழுத்துப் பார்த்து வெளுத்திருக்கிறதா என்று சொல்லிவிடலாம். வெளிமான் நம்மைக் கிட்டவே விடாது! ஆகவே பைனாகுலரோடு வண்டியில் காத்திருந்து, எது புழுக்கை போடுகிறது என்று பார்த்து, அது நகர்ந்ததும் ஓடிப்போய்ச் சூடாகப் பொறுக்கி வந்து மைக்ராஸ்கோப்பில் முட்டை எண்ணுகிறேன். எட்டு வருடம் படித்தது இதற்குத்தானா என்று என் மகள் கேட்கிறாள்.

பிறந்த குட்டியைத் தாய் புல்லில் ஒளித்துவிட்டுப் போகும்போது நெருப்பெறும்பு மொய்த்துக் கண்ணைக் கெடுப்பதும் உண்டு. வேலி எட்டடி உயரம், ஆனால் வெளிமான் பொதுவாகத் தாண்டுவதில்லை. மழை அரித்த இடத்தில் அடியில் நுழையும். 2021 பிப்ரவரிப் பனிப்புயலில் பல பண்ணைகளில் கூட்டமாகச் செத்தன. அந்த வாரத்தைப் பற்றி எழுதக் கை வரவில்லை.

வேட்டைக்குத்தானே வளர்க்கிறார்கள்? மனசு எப்படி ஒப்புகிறது? (வாசகர், மதுரை)

ஒப்பவில்லை, சுடுகிற நாளில் நான் அந்தப் பக்கம் போவதில்லை. ஆனால் வாள்கொம்பு ஓரிக்ஸ் என்ற ஆப்பிரிக்க இரலையின் கணக்கைக் கேளுங்கள். சகாராவில் அந்த இனம் அற்றுப்போனது என்று 2000-இல் அறிவித்தார்கள். 2010-இல் டெக்சஸ் பண்ணைகளில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேல். வளர்த்தவர்கள் முக்கியமாக வேட்டைக் காசுக்குத்தான் வளர்த்தார்கள். அனுமதிச் சீட்டு இல்லாமல் சுடக் கூடாது என்று 2012-இல் விதி வந்ததும், எனக்குத் தெரிந்த ஒருவர் மந்தையையே விற்றுவிட்டார். 2014-இல் விதியைத் தளர்த்தினார்கள். 2016 முதல் சாட் நாட்டில், வளர்ப்பு மந்தைகளின் வழிவந்த ஓரிக்ஸைத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். அங்கே குட்டி போட்டுப் பெருகுகிறது. இந்தக் கணக்கில் எந்தப் பக்கம் நிற்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

சாப்பிட்டிருக்கிறீர்களா? (அதே மதுரை வாசகர், கடிதத்தின் ஓரத்தில்)

நீல்காய் சாப்பிட்டிருக்கிறேன். கொழுப்பே இராது, தோசைக்கல்லில் போட்டால் செருப்பாகிவிடும், குக்கரில் வைத்து அப்புறம் மிளகு போட்டு வறுக்க வேண்டும். வெளிமான் கறியை மட்டும் வீட்டுக்குள் விடமாட்டேன் என்றுவிட்டாள் மனைவி. அவளும் வேதாரண்யம்தான்.