இராவணன் மீசை

வணக்கம். போன ஞாயிறு பிள்ளைகளோடு மணற்காட்டுக் கடற்கரைக்குப் போயிருந்தோம். முள்ளுப்பந்து போல ஒன்று காற்றில் உருண்டு வந்தது. மகள் ஓடிப்போய்ப் பிடித்தாள், உள்ளங்கையில் குத்திவிட்டது. கூட வந்த மாமா, "அது இராவணன் மீசை, ஒரு புல்லு, பிள்ளை" என்றார். இவ்வளவு முள்ளோடு இருப்பது எப்படிப் புல்லாகும்?

ஒரு வாசகி, நெல்லியடி

அன்புள்ள தங்கைக்கு,

மகளின் கை ஆறிவிட்டதா? மாமா சொன்னது சரி. நெல்லும் அறுகும் சேர்ந்த அதே புற்குடும்பம்தான் இதுவும். தண்டைப் பார்த்தால் தெரியும்: அறுகு போலவே கணுக்கணுவாக மணலில் மீட்டர் கணக்கில் ஓடி, கணுக்களில் வேர்விடும். இலைதான் ஆளை ஏமாற்றும். உட்பக்கம் சுருண்டு, விறைத்து, நுனி ஊசியாகிவிடும். ஸ்பினிபெக்ஸ் என்ற அறிவியல் பெயரிலும் முள் இருக்கிறது.

இந்தப் புல்லில் ஆண்செடி வேறு, பெண்செடி வேறு. மகள் பிடித்தது பெண்செடியின் கதிர்க்கொத்து. அந்த ஊசிகளில் ஒன்றை மெல்லக் கழற்றி அடிப்பக்கத்தைப் பாருங்கள், விதை அங்கேதான் ஒட்டியிருக்கும். காய்ந்ததும் பந்து முழுதாக முறிந்து காற்றோடு புறப்படும். போகிற வழியெல்லாம் விதை சிந்தும். எங்காவது மணலில் பாதி புதைந்து நின்றால் அங்கேயும் முளைக்கும். சின்ன வயதில் ஆளுக்கொரு பந்து பிடித்து ஓட்டப்பந்தயம் விட்டிருக்கிறோம்.

மணற்காட்டில் மணலுக்குள் புதைந்த பழைய அந்தோனியார் கோயிலைப் பார்த்தீர்களா? காற்று அள்ளிவரும் மணலுக்கு அவ்வளவு பலம். அந்த மணலை மறித்துத் தன் காலடியில் விழவைக்கிறது இந்தப் புல். மணல் மூட மூட மேலே எழும்பி வரும். பக்கத்தில் ஊதாப் பூவோடு அடம்பன் கொடியும் படர்ந்திருக்கும். 'அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு' என்று நம் ஆட்கள் சும்மா சொல்லவில்லை. இரண்டும் சேர்ந்து பிடித்த மணல்மேட்டை நான் மிதித்துப் பார்த்திருக்கிறேன், வெறும் மணல் போல அது கால் வழுக்காது. கரையைத் துப்புரவாக்குகிறோம் என்று சொல்லி இதை வேரோடு வழித்தெடுப்பதைக் கண்டால் எனக்கு வயிறு எரியும். புல்லுப் போன இடத்தில் மணலைப் பிடிக்க வேறு என்ன இருக்கிறது?

அடுத்த முறை நல்ல காற்றடிக்கும் நாளாகப் பார்த்துப் போங்கள். மகளுக்குச் செருப்புப் போட்டுவிடுங்கள். பந்தைப் பிடிக்காமல் பின்னாலேயே ஓடச் சொல்லுங்கள். அது எந்த இடத்தில் போய் நின்றது என்று எனக்கும் எழுதுங்கள்.