அப்வோட், டவுன்வோட், எமோஜி: கேள்வி பதில்

யார் வேண்டுமானாலும் நிரலைப் பார்த்துத் திருத்தக்கூடிய திறந்த மூல மென்பொருள் திட்டங்களிலும் ஆவணக் குழுக்களிலும் 14 ஆண்டுகளாக மாடரேட்டராக (விவாதங்களை ஒழுங்குபடுத்துபவராக) இருக்கிறேன். பலர் சேர்ந்து வேலை செய்யும் தளங்களில் அப்வோட் (ஆதரவு வாக்கு), டவுன்வோட் (எதிர்வாக்கு), எமோஜி ரியாக்‌ஷன் (செய்திக்குக் கீழே அழுத்தும் சிறு படம்) எல்லாம் தேவையா என்பது பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

அக்கா, எங்கள் குழுவில் யாராவது ஒன்று எழுதினால் அதற்குக் கீழே "நானும்", "சரி", "நன்றி" என்று வரிசையாக வந்து விழுகிறது. உருப்படியான பதில் அதற்குள் தொலைந்துபோகிறது. எமோஜி ரியாக்‌ஷன் வைத்தால் சரியாகுமா?

பெரும்பாலும் சரியாகிவிடும். நிரலாளர்கள் சேர்ந்து மென்பொருள் உருவாக்கும் கிட்ஹப் தளத்தில் நடந்ததும் இதுதான். 2016 ஜனவரியில் திறந்த மூலத் திட்டங்களைப் பராமரிப்பவர்கள் பலர் சேர்ந்து அந்நிறுவனத்துக்கு ஒரு திறந்த கடிதம் எழுதினார்கள். அதில் இருந்த குறைகளில் ஒன்று, பிழை அறிக்கைகளுக்குக் கீழே "நானும்" என்ற பொருளில் "+1" என்று மட்டும் எழுதிக் குவிப்பது. அதே ஆண்டு மார்ச்சில் ரியாக்‌ஷன் வந்தது. முதலில் ஆறு, பிறகு ராக்கெட்டும் கண்களும் சேர்ந்து எட்டு.

இடத்தை அடைப்பதை விடப் பெரிய தொல்லை நோட்டிஃபிகேஷன். 200 பேர் பின்தொடரும் ஒரு பிழை அறிக்கையில் ஒருவர் "+1" என்று எழுதினால் 200 பேருக்கும் அறிவிப்பு போகும். எதோ தீர்வு வந்துவிட்டது என்று நினைத்துத் திறந்து பார்த்து ஏமாறுவார்கள். ரியாக்‌ஷன் சத்தமில்லாமல் எண்ணிக்கையில் சேர்ந்துகொள்ளும். "நானும்", "பார்த்துவிட்டேன்", "நன்றி" இந்த மூன்றுக்கும் அது போதும்.

அப்படியென்றால் டவுன்வோட்டும் வைத்துவிடலாமே? பிடிக்காததைச் சொல்லவும் வழி வேண்டாமா?

வழி கட்டாயம் வேண்டும். ஆனால் டவுன்வோட் அந்த வழி இல்லை என்பது என் உறுதியான கருத்து.

ஒரு டவுன்வோட்டுக்கு எத்தனை அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள். சொன்ன தகவல் தவறு. தகவல் சரி, இடம் தவறு. முன்பே யாரோ சொல்லிவிட்டார்கள். யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. யோசனை சொன்ன ஆளைப் பிடிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே கீழ்நோக்கிய அம்புதான். வாங்கியவருக்கு இதில் எது என்று தெரிய வாய்ப்பே கிடையாது. அதனால் எதைத் திருத்துவது என்றும் தெரியாது.

எங்கள் குழு ஒன்றில் புதிதாக வந்த ஒருவர் இரண்டு வாரம் உட்கார்ந்து நிறுவல் வழிகாட்டி ஒன்றை எழுதிப் போட்டார். மூன்று டவுன்வோட் விழுந்தது. யாரும் ஒரு வரிகூட எழுதவில்லை. நான் தாமதமாகத்தான் கவனித்தேன். மூவரையும் தனித்தனியாகக் கேட்டேன். ஸ்கிரீன்ஷாட்டுகள் பழைய பதிப்பைச் சேர்ந்தவை என்றார் ஒருவர். இதைத் தனிப் பக்கமாகப் பிரிக்க வேண்டும் என்றார் இன்னொருவர். மூன்றாமவருக்கு அழுத்திய ஞாபகமே இல்லை. அரை மணி நேர வேலையில் சரிசெய்திருக்கக்கூடிய குறைகள். அதற்குள் எழுதியவர் போய்விட்டார், திரும்பி வரவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

டவுன்வோட் வாங்கினால் ஆள் திருந்துவார் என்று ஒரு நம்பிக்கை உண்டு. 2014-ல் வந்த ஓர் ஆய்வு நான்கு பெரிய செய்தித் தளங்களின் பின்னூட்டங்களை எடுத்துப் பார்த்தது. எதிர்வாக்கு வாங்கியவர்கள் அதன்பிறகு அதிகமாக எழுதினார்கள், அதுவும் முன்பைவிட மோசமாக. மற்றவர்களுக்கு எதிர்வாக்கு போடுவதும் கூடியது.

ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் டவுன்வோட் நன்றாகத்தானே வேலை செய்கிறது?

நல்ல கேள்வி. நிரலாளர்கள் கேள்வி கேட்டுப் பதில் பெறும் தளம் அது. அங்கே டவுன்வோட்டுக்கு ஒரு தெளிவான வேலை இருக்கிறது. நாளைக்குத் தேடிக்கொண்டு வரப்போகும் முகம் தெரியாத ஒருவருக்குச் சரியான பதில் மேலேயும் தவறான பதில் கீழேயும் இருக்க வேண்டும். அதோடு வேலியும் போட்டிருக்கிறார்கள். டவுன்வோட் போட 125 புள்ளி சேர்த்திருக்க வேண்டும். ஒரு பதிலுக்கு டவுன்வோட் போட்டால் எழுதியவருக்கு 2 புள்ளி குறையும், போட்டவருக்கும் 1 குறையும்.

இருபது பேர் கொண்ட குழுவில் நிலைமை வேறு. தினமும் முகம் பார்த்துப் பேசும் ஆட்கள். பெயரை மறைத்தாலும் யார் போட்டிருப்பார் என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிடும். அப்புறம் வேலை எங்கே ஓடும்?

சரி, எதிர்ப்பை எப்படித்தான் தெரிவிப்பது? எல்லாரும் தலையாட்டிக்கொண்டே இருந்தால் திட்டம் வீணாகிவிடுமே.

அப்பாச்சி என்ற திறந்த மூல அமைப்பின் திட்டங்களில் உள்ள வழக்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அங்கே +1 (ஆதரவு), 0 (நடுநிலை), -1 (எதிர்ப்பு) என்று வாக்கிடுவார்கள். நிரல் மாற்றம் ஒன்றுக்கு, வாக்குரிமை உள்ள ஒருவர் -1 போட்டால் அது தடை, அந்த மாற்றம் நின்றுவிடும். ஆனால் கூடவே தொழில்நுட்பக் காரணம் எழுத வேண்டும். காரணம் இல்லாத -1 செல்லாது. எதிர்ப்பவருக்கு முழு அதிகாரமும் கிடைக்கிறது, அதைப் பயன்படுத்த நாலு வரி எழுதும் கடமையும் சேர்ந்தே வருகிறது. எந்தத் தளத்தில் வேலை செய்தாலும் இந்த விதியைக் கடைப்பிடிக்கலாம்.

மேடம், எங்கள் மேலாளர் எந்த யோசனைக்கு அதிக அப்வோட்டோ அதையே முடிவாக எடுத்துக்கொள்கிறார். இது சரியா?

சரியில்லை. அந்த எண்ணிக்கை நினைப்பதைவிட எளிதாகச் சாய்ந்துவிடும். 2013-ல் சயின்ஸ் இதழில் ஒரு சோதனை வெளியானது. ஒரு செய்தித் தளத்தில், புதிதாக வந்த பின்னூட்டங்களில் சிலவற்றுக்கு ஆய்வாளர்களே குருட்டாம்போக்கில் ஒரே ஒரு அப்வோட் போட்டார்கள். அந்தப் பின்னூட்டங்களின் இறுதி மதிப்பு சராசரியாக 25 சதவீதம் உயர்ந்தது. முதல் ஆள் ஆதரித்தால் பின்னால் வருகிறவர்களும் அதே பக்கம் போகிறார்கள். காலையில் சொன்ன யோசனைக்கும் மாலையில் சொன்னதற்கும் ஒரே அளவு கண்கள் கிடைப்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இணையத்தின் நெறிமுறைகளை வகுக்கும் ஐ.இ.டி.எஃப். அமைப்பு வாக்கெடுப்பையே ஒதுக்கி வைத்திருக்கிறது. கூட்டத்தில் ம்ம் என்று முனகச் சொல்லி அறையின் போக்கைத் தெரிந்துகொள்வார்கள், அவ்வளவுதான். 2014-ல் வந்த ஆர்.எஃப்.சி. 7282 ஆவணம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஐந்து பேர் ஆதரவு, நூறு பேர் எதிர்ப்பு என்றாலும் கருத்தொற்றுமை இருக்க முடியும் என்கிறது. நூறு பேரும் ஒரே ஆட்சேபத்தைத் திரும்பச் சொல்லி, அதற்குச் சரியான பதில் ஏற்கெனவே தரப்பட்டிருந்தால் தலை எண்ணிக்கைக்கு மதிப்பில்லை. விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரையை நீக்குவதா என்ற விவாதத்தை முடித்து வைப்பவரும் வாதங்களின் பலத்தைத்தான் பார்க்க வேண்டும்.

உங்கள் மேலாளரிடம் ஒன்று சொல்லிப் பாருங்கள். ஒரு பிழையால் எத்தனை பேர் அவதிப்படுகிறார்கள் என்பதற்கு அப்வோட் நல்ல அளவுகோல், எதை முதலில் கவனிப்பது என்று அதை வைத்துத் தீர்மானிக்கலாம். எப்படிச் சரிசெய்வது என்ற கேள்விக்கு அது உதவாது.

எத்தனை எமோஜி வைக்கலாம்? எங்கள் தளத்தில் நூற்றுக்கணக்கில் இருக்கிறது.

ஐந்தாறு போதும். ஒவ்வொன்றுக்கும் என்ன அர்த்தம் என்று குழுவே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் குழுவில் கண்கள் என்றால் "நான் பார்க்கிறேன், வேறு யாரும் எடுக்க வேண்டாம்". டிக் என்றால் முடிந்தது. கட்டைவிரலுக்குத்தான் எழுதி வைப்பது மிகவும் அவசியம். "படித்தேன்" என்பதா, "ஒப்புக்கொள்கிறேன்" என்பதா? கனடாவில் ஒரு விவசாயி, செல்பேசியில் வந்த ஒப்பந்தப் படத்துக்குக் கட்டைவிரல் எமோஜியைப் பதிலாக அனுப்பினார். கிடைத்தது என்று சொல்லத்தான் அனுப்பினேன் என்றார். அது சம்மதம்தான் என்று 2023-ல் சஸ்காச்சுவான் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இழப்பீடு 82,000 கனடிய டாலருக்கு மேல்.

குழப்பமான முக எமோஜியையும் கவனியுங்கள். "புரியவில்லை" என்பதற்காக வைத்ததை, டவுன்வோட் இல்லாத இடங்களில் பலர் அதற்குப் பதிலாகப் போடுகிறார்கள். நான் அதை எடுத்துவிட்டேன்.

யூடியூப் 2021-ல் டிஸ்லைக் எண்ணிக்கையை மறைத்தது சரியா?

சிறிய சேனல்களைக் கூட்டமாக வந்து தாக்குவதைக் குறைக்க என்று காரணம் சொன்னார்கள். அந்த அக்கறை நியாயம். ஆனால் செய்முறை வீடியோ பார்ப்பவருக்கு, இது வேலைக்கு ஆகாது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள இருந்த ஒரு அடையாளம் போய்விட்டது. அந்த இடத்தில் நான் எண்ணிக்கையை வைத்திருப்பேன்.

லைக் கிடைத்தால்தானே புதியவர்களுக்கு உற்சாகம்? அதை வைத்துப் புள்ளியும் தரவரிசையும் கொடுக்கலாம் என்று நினைக்கிறோம்.

உற்சாகம் சரி, தரவரிசை வேண்டாம். ஃபேஸ்புக் 2017 முதல் ஒரு எமோஜி ரியாக்‌ஷனை ஐந்து லைக்குக்குச் சமமாக எடுத்துக்கொண்டு பதிவுகளை வரிசைப்படுத்தியது. கோபமூட்டும் பதிவுகளுக்கு அது சாதகமாகிவிட்டது. கடைசியில் 2020-ல் கோப முகத்தின் மதிப்பைப் பூஜ்ஜியமாக்கினார்கள். விக்கிப்பீடியாவில் 2013 முதல் "நன்றி" என்று ஒரு வசதி இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட திருத்தத்துக்காக அதைச் செய்தவருக்கு ஒரு அறிவிப்பு போகும். கட்டுரையில் எண்ணிக்கை எதுவும் தெரியாது. என்னுடைய ஒரு எழுத்துப்பிழைத் திருத்தத்துக்கு முதல் நன்றி வந்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

நான் திரையில் இருப்பதை வாசித்துக்காட்டும் திரைவாசிப்பான் பயன்படுத்துகிறேன். ஒரு செய்திக்குக் கீழே இருபது எமோஜியையும் ஒவ்வொன்றாக வாசிக்கிறது. முடிவு என்ன என்பதே புரிவதில்லை.

இதைக் கேட்டதற்கு நன்றி. "கட்டைவிரல், 12 பேர்" என்று ஒரே பொத்தானாகத் தளம் வாசிக்க வேண்டும், அது தளத்தைக் கட்டுபவர்களின் வேலை. குழுவின் வேலை இன்னொன்று. எந்த முடிவையும் எமோஜியோடு விட்டுவிடாமல் "இப்படிச் செய்கிறோம்" என்று ஒரு வாக்கியமாக எழுதுவது. மூன்று மாதம் கழித்துப் பழையதைத் தேடுகிறவர்களுக்கும் அந்த வாக்கியம்தான் அகப்படும்.

எங்களிடம் ஏற்கெனவே டவுன்வோட் இருக்கிறது. எடுத்தால் சண்டை வரும். என்ன செய்யலாம் அக்கா?

உடனே எடுக்காதீர்கள். அழுத்தினால் ஒரு சிறிய பெட்டி திறக்கட்டும், காரணம் ஒரு வரி எழுதினால்தான் வாக்கு பதிவாகட்டும். அந்த வரி, அதை எழுதியவரின் பெயரோடு பதிவின் கீழே தெரியட்டும். ஒரு மாதம் இப்படி ஓட்டிப் பாருங்கள். நாங்கள் செய்தபோது பாதிப் பேர் பெட்டியைப் பார்த்ததும் மூடிவிட்டார்கள். மீதிப் பேர் எழுதியவை நல்ல விமர்சனங்கள். சில வாரங்களில் அவர்களே டவுன்வோட்டை விட்டுவிட்டு நேராகப் பதில் எழுதத் தொடங்கினார்கள். பொத்தானை எடுத்தபோது யாரும் ஒன்றும் சொல்லவில்லை.